வெண்டல் கைவைத்த நான்கு வரிசை

ஜூலை 2, புதன்: 11,200 ஃபோரின்ட்
ஜூலை 3, வியாழன்: 11,200
ஜூலை 4, வெள்ளி: 9,800 (மழை)
ஜூலை 5, சனி: 11,200
ஜூலை 7, திங்கள்: 11,200
ஜூலை 8, செவ்வாய்: 11,200. வரிசை 1–4
ஜூலை 9, புதன்: 0
ஜூலை 10, வியாழன்: 11,200

ஷிலாக் வெண்டல் இந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, பகல் ஒன்று நாற்பதுக்கு ஒரு வரி சேர்ப்பார். மகள் பொரோகா வயலிலிருந்து வந்து வாசலில் சேற்றுப் பூட்ஸைக் கழற்றுவதற்குள் வரி ஏறிவிடும். கூலி அவளுடையது. பதினாறு வயதில் அவளுக்கு இது முதல் கோடை வேலை. "என் கூலியை நீங்க எதுக்குப்பா எழுதுறீங்க?" என்று இரண்டாம் நாளே கேட்டாள். "நீயா எழுத ஆரம்பிக்கிற வரைக்கும்" என்றார் வெண்டல். அவள் ஆரம்பிக்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

வயது நாற்பத்தொன்பது. ஒரோஷ்ஹாசா நகரத்துக்குத் தெற்கே மூன்று ஊர்களுக்கு அவர்தான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். மொத்தம் 1,906 வீடு. முற்றத்துக் குழியின் மூடியைத் தூக்க ஓர் இரும்புக் கொக்கி, உள்ளே பார்க்க ஒரு டார்ச், வலக் காதில் ஒரு பென்சில், அது தொலைந்தால் எடுக்க இடக் காதில் இன்னொரு பென்சில். எண்ணை ஏற்ற ஒரு கைக்கருவி கொடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் முதலில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் கருவியில் ஏற்றுவார். எல்லா வீட்டிலும் காப்பி கொடுக்கிறார்கள். எல்லாவற்றையும் குடித்தால் ஒரு நாளைக்கு நாற்பது ஆகும் என்பதால் தெருவுக்கு மூன்றாவது வீட்டில் மட்டும் குடிப்பது என்று வைத்திருக்கிறார். மூன்றாவது வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வெண்டல் தங்கள்மேல் தனிப் பிரியம் உள்ளவர் என்று எண்ணம்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் மே 17 சனிக்கிழமை மாலை பொரோகா தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, தோழி கூப்பிட்டாள் என்று போய், வந்து, தூங்கியும் விட்டாள். காலையில் மீட்டர் ஒன்பது கன மீட்டர் கூடியிருந்தது. வெண்டல் மூன்று முறை படித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் போனதைவிட, கேட்டபோது அவள் "நானா திறந்தேன்?" என்றதுதான் அவரைத் தைத்தது. அன்றே மனைவி மார்த்தாவிடம் அறிவித்தார்: "இந்த ஜூலையில இவ வேலைக்குப் போறா. அவ வேலை, அவ பாடு. நான் கை வைக்கமாட்டேன்."

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வேலை என்றால் அநேகமாக ஒன்றுதான்: விதைச்சோள வயலில் பூ உருவுவது. விதைக்கு விடும் மக்காச்சோளம் நான்கு அம்மா வரிசை, இரண்டு அப்பா வரிசை, மறுபடி நான்கு, மறுபடி இரண்டு என்று வயல் முழுக்கப் போகும். அம்மா வரிசையில் ஒவ்வொரு செடியின் உச்சியிலும் எழும் பூவை, அது விரியுமுன் பிடித்து உருவிக் கீழே போடவேண்டும். அப்பா வரிசையின் பூவைத் தொடக்கூடாது. அதிலிருந்து பறக்கும் தூள் வந்து விழுந்துதான் அம்மா வரிசையில் நல்ல விதை பிடிக்கும். விடியலில் இலையெல்லாம் பனி. குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஒன்பது மணிக்கு அதே பைக்குள் வெந்துபோவார்கள். சோள இலை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாகக் கீறும். உப்பு வியர்வை அந்தக் கோடுகளில் இறங்கும்போது பிள்ளைகள் வேலையைப் பற்றி முதல் முறையாக யோசிக்கிறார்கள்.

இவர்களுக்குக் கங்காணி யோலி அத்தை. ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை, அறுபத்தாறு வயது, கழுத்தில் இன்னும் விசில். மார்த்தாவுக்கு உயரம் தாண்டக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் வெண்டலுக்கும் அவர் அத்தைதான். வெண்டல் வடக்கே இரும்பாலை ஊரில் பிறந்து, கல்யாணம் ஆகி இங்கே வந்தவர். பூ உருவியதே இல்லை. நான்குக்கு இரண்டு என்ற கணக்கு மட்டும் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். கணக்குத் தெரிந்தால் வேலை தெரிந்த மாதிரிதான் என்பது அவர் நினைப்பு.

கை வைக்கமாட்டேன் என்றவர் முதல் நாளே காலை நான்கு ஐந்துக்கு மகள் அறைக் கதவுக்கு வெளியே நின்று இருமினார். எழுப்பவில்லை, இருமினார். அவள் அலாரம் நான்கு பத்துக்கு. இரண்டாம் நாளும் இருமினார். "உனக்கென்ன காசநோயா?" என்று மார்த்தா படுக்கையிலிருந்து கேட்டார். சாப்பாடும் அவளே கட்டிக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஆனால் மேசைமேல் ரொட்டியும் கத்தியும் பன்றிக் கொழுப்புக் கிண்ணமும், உரித்த வெங்காயமும் தற்செயலாக இருக்கும். தண்ணீர் பாட்டில் தற்செயலாக நிறைந்திருக்கும். நான்கு நாற்பதுக்குக் கோயில் சதுக்கத்தில் பஸ் வரும்போது, ரொட்டிக் கடைப் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு சைக்கிளும் அதன்மேல் வெண்டலும் இருப்பார்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பொரோகா மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறுவாள்.

ஜூலை 8 பகல். குளிர்ந்த புளிச்செர்ரி சூப்பைக் குடித்துக்கொண்டே பொரோகா சொன்னாள்: மறுநாள் விதை ஆய்வாளர் வருகிறார், அம்மா வரிசையில் பூ விட்டுப்போயிருந்தால் அந்த வரிசைக்காரருக்குக் கூலி கிடையாது, வீட்டுக்கும் அனுப்பிவிடுவார்கள்.

"நீ எந்த வரிசை?"

"ஒண்ணுல இருந்து நாலு. கால்வாய் ரோட்டு ஓரம்."

"ஒண்ணும் விட்டுப்போகலயே?"

"காலைல கொஞ்சம் தூக்கக் கலக்கம்ப்பா. விட்டிருக்கலாம். தெரியல."

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போனாள். வெண்டல் அன்றைய கூலிக்குப் பக்கத்தில் "வரிசை 1–4" என்று எழுதினார். 'தெரியல' என்ற அந்தச் சொல் அவரை உட்காரவிடவில்லை. மே மாதக் குழாயும் 'தெரியல'தான். ஒன்பது கன மீட்டர். மாலை ஐந்து மணிக்கு, ஒரு வீட்டு மீட்டர் ஒழுகுகிறதாம் என்று மார்த்தாவிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கால்வாய் ரோடு நான்கு கிலோமீட்டர். வயலில் ஆள் இல்லை. வெண்டல் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு ரோட்டிலிருந்து எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கிலும் பூ அப்படியே நின்றது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு பூகூட உருவப்படவில்லை. பக்கத்தில் ஐந்து முதல் எட்டு வரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வரிசைகளுக்கு இடையே நூறடி நடந்து பார்த்தார். தப்பிய பூ ஒன்று இல்லை. யாரோ ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, அதைப் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டார். தம் மகள் ஓரத்தில் படுத்துத் தூங்கியிருக்கவேண்டும். நான்கு வரிசை சேர்ந்தாற்போல இருந்தால் அது அம்மா வரிசை. அப்பா வரிசை என்றால் இரண்டுதான் இருக்கும். கணக்கில் பிசகு இல்லை.

வெண்டல் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். வரிசைக்கு நூற்றெண்பது மீட்டர். முதலில் ஒரு கையால், பிறகு இரு கையாலும். பூ இழுபட்டு வரும்போது காலிப் புட்டியின் மூடியைத் திறந்தாற்போல ஒரு சின்ன ஓசை. மஞ்சள் தூள் கண்ணில், மூக்கில், பனியனுக்குள். இருபது முறைக்குமேல் தும்மினார். ஐந்து நாற்பதுக்குத் தொடங்கியவர் எட்டேகாலுக்குக் கரையேறினார். நான்கு வரிசையையும் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வரிசைகளுக்குச் சமமாக, சுத்தமாக இருந்தன. தப்புச் செய்தோம் என்று தோன்றவே இல்லை. இதை அவளிடம் சொல்லலாமா கூடாதா என்பது ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கை வைக்கமாட்டேன் என்று சொன்னது அவர்தானே. வீடு வந்ததும் நேரே குளிக்கப் போனார்.

மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு, ஊரின் கடைசி வீட்டு முற்றத்தில் மூடியைக் கொக்கியில் தூக்கிக்கொண்டு நின்றபோது, ரோட்டில் பொரோகா தனியாக நடந்து வருவதைப் பார்த்தார். குப்பைப் பையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள்.

"ஏன் நடந்து வர?"

"அனுப்பிட்டாங்க."

"விட்டுப்போயிருந்துச்சா?"

"என் வரிசையில ஒண்ணுகூட இல்லப்பா. ஆய்வாளரே சொன்னார், இந்தப் பக்கத்துலயே இதுதான் சுத்தம்னு. ஆனா எல்லை வரிசை நாலுலயும் பூ உருவியிருக்கு. பக்கத்துல வேலை செஞ்சது நான். அதனால நாந்தானாம்."

"எல்லை வரிசையா?"

நின்றுகொண்டே சொன்னாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாட்டுத் தீவனச் சோளம் இருக்கிறது. அதன் தூள் காற்றில் வந்து விதையைக் கெடுக்காமல் இருக்க, ரோட்டு ஓரத்தில் நான்கு வரிசை அப்பா வரிசையாகவே போட்டுவிடுவார்கள். அந்தப் பூவில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதை வரிசைக் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. யோலி அத்தையின் ஒன்று என்பது அதற்கு அடுத்தது. இப்போது காவல் போய்விட்டதால் அந்தப் பக்கத்து எட்டு அம்மா வரிசையும் விதைக்கு ஆகாது என்று ஆய்வாளர் ஒதுக்கிவிட்டார்.

"அப்ப ரோட்டுல இருந்து அஞ்சு முதல் எட்டு வரைக்கும்..."

"அதுதான் என்னோடது."

மூடி கொக்கியிலிருந்து நழுவி விழுந்தது. வீட்டுக்காரம்மாள் ஓடிவந்து பார்த்தார். வெண்டல் குனிந்து எண்ணைப் படித்தார், உள்ளங்கையில் எழுதினார், கருவியில் ஏற்றினார். 471 என்பது 417 ஆயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் முதல் பிழை. அது செப்டம்பரில்தான் தெரியவந்தது. நிமிர்ந்தபோது பொரோகா தெருமுனை போயிருந்தாள்.

மார்த்தாவுக்கு எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மதியம் வெண்டலின் சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். இரண்டு முன்கையும் கோடு கோடாக இருந்தன.

"ஒழுகுன மீட்டர் இதுதானா?"

"நாலு வரிசை மார்த்தா. நான் சரியாத்தான் எண்ணினேன்."

"முதல்ல அவகிட்ட சொல்லு."

இங்கேதான் வெண்டல் இரண்டாவது பிழையைச் செய்தார், அதையும் யோசித்தே செய்தார். மீட்டரில் தவறு வந்தால் முதலில் அலுவலகத்துக்குச் சொல்லவேண்டும், திருத்தம் வந்த பிறகு வீட்டுக்காரருக்கு. அதுதான் முறை. மகளிடம் வெறும் மன்னிப்போடு போவதைவிட, திருத்திய கணக்கோடு போவது மேல் என்று அவருக்குப் பட்டது. மாலை நான்கு மணிக்கு யோலி அத்தை வீட்டுக்குப் போனார். கேட்டைத் திறந்ததும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் முற்றத்துக் குழி மூடியைத் தூக்கினார்.

"ஜூன்லதான பார்த்துட்டுப் போன" என்றார் யோலி அத்தை, வெள்ளரிக்காய் அரிந்துகொண்டே.

வெண்டல் மூடியை வைத்துவிட்டு நேராக நின்று சொன்னார். எட்டாம் தேதி, தொடக்கம் ஐந்து நாற்பது, முடிவு எட்டேகால், ரோட்டிலிருந்து முதல் நான்கு வரிசை, வரிசைக்கு நூற்றெண்பது மீட்டர், செய்தது நான்.

யோலி அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கத்தியைத் துடைத்து வைத்தார். "இந்த மாசம் நீ மூணாவது அப்பன். போன வாரம் ஒருத்தன், பையன் லேட்டா வந்ததுக்கு நாந்தான் கடிகாரத்தைத் தப்பா வச்சேன்னு வந்து நின்னான். இன்னொருத்தன் அழவே அழுதான். ஆனா நிமிஷக் கணக்கோட வந்தவன் நீ ஒருத்தன்தான். உண்மையைச் சொல்றவன் இப்படியா வருவான், பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கிற மாதிரி?"

வெண்டல் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"முள்ளுச்செடி பக்கம் போயிருப்ப. வீட்டுக்குப் போ, வெண்டல். மக தப்புப் பண்ணா அவளே வந்து சொல்லட்டும். நீ இப்படி முன்னாடி வந்து நின்னா அவ எப்பத்தான் கத்துக்குவா?"

இந்த வாக்கியத்தை வெண்டல் மே மாதம் முதல் தாமே பலருக்குச் சொல்லியிருக்கிறார். வேறொருவர் வாயில் கேட்டபோது அதில் எங்கே தவறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு பையில் ஆறு வெள்ளரிக்காயோடு வீடு திரும்பினார். பொரோகாவின் அறைக் கதவு மூடியிருந்தது. திருத்தம் கிடைக்கவில்லை, திருத்தம் இல்லாமல் என்ன சொல்வது என்று கதவுக்கு வெளியே சிறிது நேரம் நின்றார். இருமக்கூட இல்லை. ஃபிரிட்ஜுக்குப் போய் ஒரு பூஜ்யம் போட்டார்.

ஜூலை 10 காலையில் பொரோகா தானே எழுந்து பஸ்ஸுக்குப் போனாள். யார் உன்னைக் கூப்பிட்டது என்று யோலி அத்தை படியில் மறித்திருக்கிறார். "நேத்து அனுப்பினீங்க. இன்னிக்கு வராதேன்னு சொல்லலயே" என்றாளாம். வழிவிட்டாராம். அன்று முழுக்க அவளைத் தம் கண்ணெதிரிலேயே, பக்கத்து வரிசையில் வைத்துக்கொண்டாராம். பஸ்ஸில் பையன்கள், "உங்கப்பா மனுப் போட்டுட்டாராமே, அழுதாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதெல்லாம் மார்த்தா வழியாக வந்தது. வெண்டலிடம் அவள் நேரே வந்து கேட்டது ஒன்றுதான். ஒன்று நாற்பது, அவர் பேனாவோடு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். அவள் பூட்ஸைக் கழற்றவில்லை.

"நீங்களாப்பா?"

"ஆமா."

"எதுக்கு?"

"தூக்கக் கலக்கத்துல விட்டிருக்கலாம்னு நீதான சொன்ன."

"விட்டிருந்தா என் தப்பு, என் கூலி போயிருக்கும். சரி. இப்ப உங்க தப்பு, என் கூலி போயிடுச்சு. அதுகூடப் பரவால்ல. யோலி அத்தைகிட்டப் போய்ச் சொன்னீங்கல்ல, எங்கிட்ட ஏன் சொல்லல? நானே பண்ணிட்டு உங்களை அனுப்பி வச்சேன்னு நினைக்கிறாங்க."

வெண்டல், அதுதான் முறை என்று தொடங்கினார். மீட்டர், அலுவலகம், திருத்தம். பாதியிலேயே அவருக்கே அது விளங்கவில்லை. அவள் சமையலறைத் தரையில் பூட்ஸ் தடம் பதிய நடந்து அறைக்குள் போனாள். அவர் 11,200 என்று எழுதினார். அந்தத் தாளில் அதுதான் கடைசி வரி.

பொறுப்பு என்றால் என்ன என்று மே மாதத்தில் அவருக்குத் தெளிவாக இருந்தது. இப்போது எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கினாலும் நழுவியது. உதவியபோது கெடுத்தார், ஒப்புக்கொண்டபோது இன்னும் கெடுத்தார், சும்மா இருந்தாலோ அவள் பெயர் வயலில் அப்படியே கிடக்கும். ஜூலை 14 திங்கள் காலை நான்கு பத்துக்கு அலாரம் அடித்து, நின்றது. கதவு திறக்கவில்லை. நான்கு இருபது. நான்கு முப்பது. வெண்டல் நடையில் உள்ளங்காலெல்லாம் வியர்த்து நின்றார். மார்த்தா எட்டிப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கதவு பிய்ந்தாற்போலத் திறந்தது. பொரோகா அவரைக் கடந்து ஓடி, அவருடைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரக் கூலி பிடித்தார்கள். அதை அவர் எங்கும் எழுதவில்லை. மறுநாள் முதல் வீட்டில் இரண்டு அலாரம் அடித்தது. இரண்டாவது, அவள் கைக்கு எட்டாத அலமாரிமேல் இருந்தது. அதை அங்கே வைத்தது தாமல்ல என்பது அவருக்கு வியப்பாக இருந்தது.

அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார். அதற்கு முன்பே, ஜூலை 12 அன்று, விதைப் பண்ணை அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதமும் வயலின் வரைபடமும் அனுப்பினார். ரோடு, கால்வாய், சைக்கிள் சாய்த்த இடம், தாம் எண்ணிய விதம், எண்ணவேண்டியிருந்த விதம் எல்லாம் அளவோடு இருந்தன. இந்த முறை அனுப்புமுன் மகளிடம் காட்டினார். அவள் படித்துவிட்டு, "ரொம்ப நீளம்" என்று மட்டும் சொன்னாள். தடுக்கவில்லை.

பதில் ஜூலை 24 அன்று வந்தது. வேலை 19-ஆம் தேதியே முடிந்திருந்தது. பெற்றோர் அனுப்பும் வாக்குமூலங்களைப் பண்ணை ஏற்பதில்லை, அப்படி ஆண்டுதோறும் பல வருகின்றன. பணியாளர் விரும்பினால் தாமே எழுதலாம். அதன்மேல்தான் ஒன்பதாம் தேதிப் பதிவை நீக்குவதா, அடுத்த ஆண்டு அவரை அழைப்பதா என்று முடிவு செய்வோம் என்றது.

பொரோகா மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். வெண்டல் எதிரே பட்டாணி உரித்தார். அவள் எழுத்து அவர் பக்கம் தலைகீழாக இருந்தது, ஆனால் வருடக்கணக்காக இருட்டுக் குழிகளில் எந்தக் கோணத்திலிருந்தும் படித்துப் பழகியவர்.

"சாயங்காலம்னு போட்டிருக்க. அஞ்சு நாற்பது."

அவள் முழங்கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டாள். "எழுதறது நான்."

அவர் பட்டாணிக்குத் திரும்பினார். அவள் அவரைப் பற்றி என்ன எழுதினாள், திட்டினாளா, காப்பாற்றினாளா, ஒரு வரியில் முடித்தாளா என்பது அவருக்குத் தெரியாது. உறையை அவளே ஒட்டினாள். அஞ்சலகத்துக்கும் அவளே போனாள். அதற்குப் பின் ஏறக்குறைய நாலு வாரம் வெண்டல் தபால் வரும் நேரத்தில் எந்தத் தெருவில் இருந்தாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வீட்டுப் பக்கம் வந்துபோனார். மூன்றாவது வீட்டுக் காப்பிகள் ஆறிப்போயின.

கடைசியில் வந்த கடிதத்தில் மூன்றே வரி. ஒன்பதாம் தேதிக் கூலி சேர்க்கப்படுகிறது. அடுத்த ஜூலையில் கால்வாய்ப் பக்கத்து எல்லை வரிசைகளைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை, கங்காணி யோலியின் பரிந்துரைப்படி, பொரோகாவுக்கு. பணியாளர் அல்லாதோர் வயலில் இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. மூன்றாவது வரியைப் பொரோகா அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியதாக மார்த்தா சொல்கிறார். ஆனால் உறை கேட்டுக்கு வந்தபோது இது எதுவும் வெண்டலுக்குத் தெரியாது.

தபால்காரி எதெல்கா கொண்டுவந்தார். வியாழக்கிழமை பதினொன்று இருபது. கையெழுத்து வாங்கிக் கொடுக்கவேண்டிய பதிவுத் தபால். பண்ணையின் பச்சை முத்திரை வெளியே தெரிந்தது. பொரோகா நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள்.

"போடு ஒரு கையெழுத்து" என்று எதெல்கா பேனாவை நீட்டினார். ஒரே வீட்டு ஆள், அப்பா, சட்டப்படி வாங்கலாம்; மார்த்தாவுக்கும் பொரோகாவுக்கும் வந்த பதிவுத் தபால் அத்தனைக்கும் இதுவரை அவர்தான் போட்டிருக்கிறார்.

வெண்டல் உறையைப் பார்த்தார். அதன்மேல் இருந்த பெயரைப் பார்த்தார்.

"அவ நாலு மணிக்கு வருவா."

"நாலு மணிக்கு நான் வரமுடியுமா? முப்பத்தெட்டு டிகிரி. நீ வாங்கி மேசைமேல வச்சா என்ன?"

"பேர் அவளோடது."

"நீ அவ அப்பன்தான?" எதெல்கா பேனாவை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார். "உன்னைப் பத்தி ஏதாச்சும் கெட்டதா எழுதியிருக்கா?"

"இருக்கலாம். தெரியல" என்றார் வெண்டல்.

பேனா நீண்டபடியே இருந்தது. வெண்டல் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். துணிக்குள் விரல்கள் மடங்கி நிற்பது வெளியே தெரிந்தது. எதெல்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அஞ்சலகத்துக்கு வந்து வாங்கச் சொல்லும் அறிவிப்புச் சீட்டை எழுதிக் கேட் கம்பியில் செருகிவிட்டு, உறையைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை வெண்டல் கையை வெளியே எடுக்கவில்லை.

கடிதம் பொரோகாவின் கைக்கு வந்தது ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை.